பிரித்துப் பார்க்காமல் தீர்ப்பா?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் பழக்கமான வாக்கியம் ஒன்று உண்டு. வண்டி கொஞ்சம் புகை விடுகிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. உள்ளே எங்கேயோ 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம். மெக்கானிக் ஆக்ஸிலேட்டரை இரண்டு தரம் முறுக்குகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். பிறகு சொல்கிறார்: "என்ஜின் வேலை வந்திடுச்சு, சார்!"

அவ்வளவுதான். தீர்ப்பு வழங்கியாகிவிட்டது. அப்பீல் கிடையாது. போர், பிஸ்டன், ரிங், வால்வு, கனெக்டிங் ராடு என்று ஒரு சீட்டில் பட்டியல் எழுதப்படுகிறது. நாமும் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்கு ஓடுகிறோம். உள்ளே உண்மையில் எது தேய்ந்திருந்தது, எது இன்னும் பத்து வருஷம் உழைத்திருக்கும் என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை. கழற்றிப் போட்ட பழைய பிஸ்டனைக்கூட நாம் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை.

சாட்சி விசாரணையே இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயம் இது: பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதன் என்ஜினைப் பிரிக்கும்போது உடன் இருந்து, முடிந்தால் தாமே ஸ்பானரைப் பிடித்து, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மெக்கானிக்குக்குப் போட்டியாகத் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. நம் பணத்தில் நடக்கிற காரியத்தின் நியாயம் நமக்குப் புரிய வேண்டும், அவ்வளவே.

திருவொற்றியூர்ச் சொத்து

இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கென்றே அமைந்ததுபோல் நம் ஊரில் ஒரு யந்திரம் இருக்கிறது. அதுதான் பழைய புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு கம்பெனி, 1955-ம் வருஷம் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 'என்பீல்டு இந்தியா' உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கு செய்ய ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மூடப்பட்டுவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்து வளர்ந்தது. 1994-ல் அது ஐஷர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2008-க்குப் பிறகு வந்த புது ரக என்ஜின்கள் மெல்ல மெல்லப் பழைய வார்ப்பிரும்பு என்ஜினின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆக, சுமார் அரை நூற்றாண்டுக் காலம் அடிப்படை அமைப்பு மாறாமல் ஒரே என்ஜின் இங்கே தயாராகியிருக்கிறது. போர் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. ஒரே சிலிண்டர். என்ஜின் தனி, கியர் பெட்டி தனி. தாத்தா ஓட்டிய வண்டியின் பாகம் பேரன் வண்டிக்குப் பல இடங்களில் பொருந்தும். திருநெல்வேலியானாலும் திருத்தணியானாலும் இதன் அளவு தெரிந்த ஒரு லேத் பட்டறைக்காரர் எங்காவது இருப்பார். முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைப்பது அரிது.

இந்த யந்திரம் செய்யும் வேலையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒரு வினாடியில் 50 தரம் மேலே ஏறி 50 தரம் கீழே இறங்குகிறது. அந்த ஒரே வினாடிக்குள் 25 வெடிப்பு. பிஸ்டன் கடக்கும் தூரம் 9 மீட்டர். இரும்புச் சுவருக்கும் ரிங்குக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. இவ்வளவு பாடுபடுகிற ஒன்றை வருஷக்கணக்கில் திறந்தே பாராமல், ஒரு நாள் காதால் கேட்டு மட்டும் தீர்ப்புச் சொல்வது எப்படி நியாயமாகும்?

புகையை நம்பலாமா?

ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் பல உண்டு. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. பெரும்பாலும் கார்புரேட்டரைக் கவனித்தாலே போதும். குளிர்ந்த காலையில் சற்று நேரம் வந்து மறையும் வெண்புகை வெறும் நீராவி.

நீலப் புகை என்றதும் 'ரிங் போச்சு' என்பார்கள். புல்லட்டில் இது எப்போதும் உண்மையல்ல. இந்த வண்டியில் எண்ணெய் டாங்கி வெளியே தனியாக இல்லை. கிராங்க் கேஸுக்குள்ளேயே அதற்கு ஓர் அறை. ஒரு பம்ப் அங்கிருந்து எண்ணெயை எடுத்துக் கொடுக்கிறது. இன்னொரு பம்ப் வேலை செய்து முடித்த எண்ணெயைத் திரும்ப அறைக்கு அனுப்புகிறது. வண்டியைச் சில வாரம் எடுக்காமல் நிறுத்தி வைத்தால், அறையிலுள்ள எண்ணெய் பம்ப் வழியே மெதுவாகக் கசிந்து, கிராங்க் சுழலும் பக்கம் வந்து தேங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்ததும் தெருவே தெரியாதபடி புகை! சில நிமிஷம் ஓடினால் தேங்கியது திரும்பிப் போய்விடும், புகையும் நின்றுவிடும். வெளியூர் போய்த் திரும்பிய சொந்தக்காரர் இதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் சாட்சியாக எண்ணெயை விசாரிக்க வேண்டும். கீழுள்ள திருகைக் கழற்றி, பழைய எண்ணெயைச் சுத்தமான தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மினுமினுவென்று துகள் தெரிந்தால் ஏதோ தேய்கிறது. ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியமோ, புஷ்ஷின் உலோகமோ. ஒரு ரூபாய் செலவில்லாமல் பாதி வழக்கு இங்கேயே விளங்கிவிடும்.

கழற்றும் ஒழுங்கு

பிரிப்பது என்று முடிவானால், முதல் வேலை கழுவுவது. வெளியே ஒட்டியிருக்கும் மண்ணும் பிசுக்கும் உள்ளே விழுந்தால் நாம் செய்வது பரிசோதனை அல்ல, பாதகம். பிறகு பெரிய தட்டு ஒன்று, சிறு டப்பாக்கள் பத்து, சாக்பீஸ், மண்ணெண்ணெய், வேஸ்ட் துணி. சரியான அளவு ஸ்பானர் மிக முக்கியம். ஒன்றுக்கு ஒன்று போடப்போய் நட்டின் முனைகளை மழுக்கிய கைகள் எத்தனையோ! இந்தக் காலத்தில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது: ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளலாம். நம் ஞாபகத்தைவிட அது நம்பத்தகுந்தது.

பெட்ரோல் டாங்கியை இறக்கி, கார்புரேட்டரையும் சைலன்சர் குழாயையும் கழற்றி, ராக்கர் மூடிகளை எடுத்ததும் என்ஜினின் தலைப் பகுதி தெரியும். இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து நிறுத்திக்கொண்டால் ஸ்பிரிங்குகளின் பளு இருக்காது. புஷ் ராடுகளை உருவும்போது எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று அடையாளமிட்டு வைக்க வேண்டும். ஹெட்டை அழுத்தும் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் அலுமினிய ஹெட் கோணிக்கொள்ளும். ஹெட் கிளம்பாவிட்டால் மரச் சுத்தியால் மெல்லத் தட்டலாம். திருப்புளியை இடுக்கில் செருகி நெம்பக் கூடாது. அந்த இடுக்குதான் வெடிப்பின் அழுத்தத்தை அடக்கும் வாசல். அதில் கீறல் விழுந்தால் பிறகு ஆயுள் முழுவதும் ஊதிக்கொண்டே இருக்கும்.

அண்மையில் இப்படி ஒரு என்ஜினை முதன்முதலாகப் பிரித்தபோது, பக்கத்தில் இருந்து கை கொடுத்த வயதான மெக்கானிக் ஒருவர் சொன்னதை இங்கே எழுதத் தோன்றுகிறது. "தம்பி, கழட்டறது கை வேலை. பாக்கறது கண்ணு வேலை. ரெண்டையும் ஒண்ணா செய்யாதீங்க. ஒரு சாமானைக் கழட்டினா அதைக் கீழே வெச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டு, அஞ்சு நிமிஷம் சும்மா பாருங்க!"

நாற்பது வருஷ அனுபவத்தின் சாரம் இந்த ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது.

தேய்மானம் சொல்லும் கதை

ஹெட்டைத் திருப்பிப் பிடித்து வால்வு வழிகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். வால்வு நன்றாக உட்கார்ந்திருந்தால் மறுபுறம் ஈரம் தெரியாது. கசிந்தால், வண்டி மேட்டில் திணறியதற்குக் காரணம் இங்கேயே இருக்கலாம். வால்வைத் தேய்த்து உட்கார வைக்கும் வேலைக்கும் போர் அடிக்கும் வேலைக்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பட்டறைக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள்.

அடுத்து சிலிண்டர். அதை மேலே உருவும்போது கிராங்க் கேஸின் வாயைத் துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சிறு வளையம் தெறித்து உள்ளே விழுந்தால், ஒரு சிறு கம்பிக்காக முழு என்ஜினையும் பிரிக்க நேரிடும். அந்த வளையத்தைத் திரும்ப மாட்டாமல் புதிதாகவே போடுவது நல்லது.

சிலிண்டரின் உட்சுவரில் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி மாதிரி தட்டுகிறதா? ரிங் எட்டாத இடம் தேயாமல் நிற்கிறது. எட்டும் இடம் தேய்ந்து பள்ளமாகிறது. வெப்பமும் அழுத்தமும் அதிகமாகவும் எண்ணெய் குறைவாகவும் இருப்பது இந்த உச்சிப் பகுதியில்தான். ஆகையால் தேய்மானமும் இங்கேதான் அதிகம். நகம் சந்தேகத்தைத்தான் எழுப்பும். ருஜுவுக்கு அளவு கருவி வேண்டும். மேலே, நடுவில், கீழே என மூன்று இடங்களில், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அளந்தால் மொத்தம் ஆறு எண்கள் கிடைக்கும். போர் அடிப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவை இந்த ஆறு எண்களே.

ரிங்கைத் தனியே கழற்றி, சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள சந்தைப் பில்லர் கேஜால் அளக்கலாம். சூட்டில் ரிங் நீளும். அதற்கு இடம் விட்டுத்தான் செய்கிறார்கள். 70 மில்லிமீட்டர் போரில் புது ரிங்குக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டரும் அதற்குச் சற்று மேலும் இருக்கும். அது பல மடங்கு விரிந்திருந்தால் ரிங் தன் காலத்தை முடித்துவிட்டது என்று பொருள்.

கடைசியாகக் கனெக்டிங் ராடு. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ராடைப் பக்கவாட்டில் அசைத்தால் கொஞ்சம் அசையும். அது அசைய வேண்டியதுதான். பார்க்க வேண்டியது வேறு: ராடை நேர் மேலாக இழுத்து, நேர் கீழாக அழுத்தும்போது ஆட்டம் இருக்கக் கூடாது. பக்க ஆட்டத்தைக் காட்டி 'ராடு போச்சு' என்று யாராவது சொன்னால் சற்று நில்லுங்கள். பழைய புல்லட்டுகளில் ராடின் அடிமுனையில் உருளைகளுக்குப் பதில் மிதக்கும் புஷ் ஒன்று வேலை செய்கிறது. அதன் உயிர் முழுவதும் எண்ணெயில். எண்ணெய் சுத்தமாகவும் தடையின்றியும் வந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். பில்டரையும் பம்ப்பையும் கவனிக்காமல் ராடு மட்டும் புதிதாகப் போடுவது, கிணறு வற்றியதற்கு வாளியை மாற்றுவது போன்றது.

நான் உடன் இருந்து பிரித்த வண்டிக்கு முன்னதாகச் சொல்லப்பட்டிருந்த தீர்ப்பு, போரும் பிஸ்டனும் ராடும். உள்ளே இருந்ததோ கார்பனில் ஒட்டிக்கொண்ட ஒரு ரிங். சரியாக உட்காராத ஓர் எக்ஸாஸ்ட் வால்வு. சிலிண்டரின் ஆறு எண்களும் அனுமதித்த எல்லைக்குள் இருந்தன. ராடில் மேல் கீழ் ஆட்டம் இல்லை.

எல்லா வண்டியிலும் இப்படி நல்ல சேதியே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். பிரித்துப் பார்த்து, அளந்து, 'ஆம், எல்லாம் தேய்ந்துவிட்டது' என்று தெரிந்தால், மனம் கோணாமல் செலவு செய்ய வேண்டியதுதான். பழைய வண்டி என்ற பாசத்தில் ஊரெல்லாம் புகை கக்கிக்கொண்டு போக யாருக்கும் உரிமை இல்லை. பின்னால் வருகிறவனுக்கும் நுரையீரல் இருக்கிறது.

எங்கே நிறுத்துவது?

இதோடு நிறுத்திக்கொள்ளவும் தெரிய வேண்டும். கிராங்க் கேஸை இரண்டாகப் பிளப்பதும், கிராங்கை அழுத்திப் பிரித்து மறுபடி நேர் பார்ப்பதும் வீட்டு முற்றத்தில் ஆகிற காரியமல்ல. அதற்குப் பிரஸ் வேண்டும், டயல் கேஜ் வேண்டும், கை பழகியிருக்க வேண்டும். ராடில் ஆட்டமும் எண்ணெயில் துகளும் இருந்தால் மட்டுமே அந்தக் கதவைத் தட்டலாம். 'பிரித்ததுதான் பிரித்தோம், அதையும் பார்த்துவிடுவோம்' என்ற ஆசை பொல்லாதது. நன்றாக ஓடும் பாகத்தைக் கலைக்காமல் விடுவதும் பரிசோதனையில் சேர்த்திதான்.

பார்ப்பதற்குக் கூலி

இதுவரை படித்தவர்கள், 'அப்படியானால் மெக்கானிக்குகள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்கிறீரா?' என்று கேட்கலாம். இல்லை. குற்றத்தில் பெரும் பங்கு நம்முடையது என்பதே என் வாதம்.

டாக்டரிடம் போகிறோம். அவர் நாடி பார்க்கிறார், நெஞ்சில் குழாய் வைக்கிறார், 'ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்' என்கிறார். மருந்தே கொடுக்காவிட்டாலும் பீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் அரை நாள் உட்கார்ந்து பிரித்து, அளந்து, 'போர் நல்லா இருக்கு சார், ரிங் மட்டும் மாத்தினா போதும்' என்று சொல்லிக் கூலி கேட்டால் என்ன சொல்கிறோம்? "சும்மா பார்த்ததற்கா இவ்வளவு?" என்கிறோம். புதுப் பாகம் போட்டால் மட்டும் பேசாமல் பணம் தருகிறோம். பார்ப்பவனுக்குக் கூலி இல்லை, மாற்றுபவனுக்கே கூலி என்று நாமே சட்டம் இயற்றிவிட்டு, பிறகு எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள் என்று புலம்புவதில் அர்த்தம் உண்டா?

இதனால் நஷ்டம் பணம் மட்டுமல்ல. சிலிண்டரில் போர் அடிப்பது என்பது இரும்பைச் சுரண்டி எடுப்பது. பொதுவாகக் கால் மில்லிமீட்டர் படிகளாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். இப்படிச் சில படிகள்தான் உண்டு. அதற்குப் பிறகு ஸ்லீவ் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டரையே தூக்கி எறிய வேண்டும். அளக்காமல் அடித்த ஒவ்வொரு போரும் முதலை எடுத்துச் சாப்பிட்ட கணக்கு. ஒரு மனிதரின் ஆயுளுக்கு மேல் உழைக்க வேண்டிய யந்திரம், அவசரக்காரர்கள் கையில் பத்துப் பதினைந்து வருஷத்தில் புதுப்பேட்டைக் குவியலில் போய்ச் சேருவது இப்படித்தான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பார்க்கத் தெரிந்த கண்களுக்குக் கூலி கிடைக்காத ஊரில் அந்தக் கண்கள் நாளடைவில் குறைந்துபோகும். பட்டறையில் வேலை கற்க வரும் பையன் மாற்றுவதை மட்டுமே கற்பான். ஏன் தேய்ந்தது என்று அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனும் கேட்டுக்கொள்ள மாட்டான்.

திறக்கும் உரிமை

'பெட்ரோல் வண்டியின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது. பேட்டரி வண்டி வந்துவிட்டது. இனி இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த விஷயம் இன்னும் முக்கியம். புது யந்திரங்கள் ஒவ்வொன்றும் முன்னதைவிட இறுக மூடிக்கொண்டு வருகின்றன. திறக்கத் தனிக் கருவி. கோளாறைப் படிக்கத் தனிக் கம்ப்யூட்டர். பாகம் தனியே கிடைக்காது, பெட்டியோடு மாற்ற வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனுக்குத் தன் சாமானைத் திறந்து பார்க்கவும், விரும்பிய இடத்தில் பழுது பார்க்கவும் உரிமை உண்டா என்பது இன்று உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் இதற்கென ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய துறைகள் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டமே செய்தது. நல்ல ஆரம்பங்கள்தான். ஆனால் திறக்கும் உரிமையைச் சட்டம் கொடுக்கலாம். திறந்த பிறகு என்ன பார்ப்பது என்ற அறிவை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே மூன்று காரியங்கள் நடந்தால் நல்லது. முதலாவது, வண்டி விற்கும் ஒவ்வொரு கம்பெனியும் தேய்மான அளவுகள் அடங்கிய பழுதுபார்ப்புப் புத்தகத்தை, வாங்கியவருக்குப் புரியும் தமிழில், நியாயமான விலைக்குத் தர வேண்டும். இரண்டாவது, என்ஜின் வேலை செய்யும் ஒவ்வொரு பட்டறையும் கழற்றிய பழைய பாகங்களைச் சொந்தக்காரரிடம் ஒப்படைத்து, அளந்த எண்களை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனைச் சீட்டு கேட்டு வாங்குகிறோம் அல்லவா, அதுபோல. மூன்றாவது நம் கையில் இருப்பது: மெக்கானிக்கிடம், "முதலில் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள்; பார்ப்பதற்குத் தனியாகக் கூலி தருகிறேன்" என்று சொல்லப் பழகுவது.

அடுத்த தடவை யாராவது "என்ஜின் வேலை வந்திடுச்சு" என்றால் கோபப்பட வேண்டாம்; உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஆறு எண்களைக் கேளுங்கள். அவை வந்த பிறகு சீட்டு எழுதலாம்.